கேடயம் விழுந்த ஆண்டு: டென்மார்க், 1943

1943ஆம் ஆண்டு பிறந்தபோது டென்மார்க்கில் மன்னர் தம் அரண்மனையில் இருந்தார், நாடாளுமன்றம் கூடியது, அமைச்சர்கள் கோப்புகளில் கையெழுத்திட்டார்கள், நீதிமன்றங்கள் நாட்டுச் சட்டப்படி தீர்ப்பு வழங்கின, சிறிய தரைப்படையும் கடற்படையும் சொந்தக் கொடியின் கீழ் இயங்கின. ஜெர்மானியப் படை உள்ளே நுழைந்து இரண்டே முக்கால் ஆண்டு கழிந்திருந்த நிலையில் இவ்வளவும் மிஞ்சியிருந்தது வியப்புக்குரியது. அதே ஆண்டு முடிந்தபோது அமைச்சரவை செயலற்றிருந்தது, நாடாளுமன்றம் கூடவில்லை, தரைப்படை கலைந்திருந்தது, கடற்படையின் பெரும்பகுதி துறைமுகத்து நீரடியில் கிடந்தது, நாட்டின் யூதக் குடிமக்களில் மிகப் பெரும்பாலோர் கடல் கடந்து ஸ்வீடனில் தஞ்சம் புகுந்திருந்தனர். பன்னிரண்டு மாதத்தில் நடந்த இந்த மாற்றத்தின் தனித்தன்மை, அரசு என்ற கேடயத்தை அதன் நிழலில் வாழ்ந்த மக்களே கீழே தள்ளினார்கள் என்பதில் இருக்கிறது. அந்த நிழலில் அவர்கள் காத்துவைத்திருந்த சங்கங்களும் பழக்கங்களும்தான் பின்னர் ஏழாயிரம் உயிர்களைக் கரை சேர்த்தன.

ஏற்பாடும் அதன் விலையும்

1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஜெர்மானியப் படை எல்லையைக் கடந்தது. சில மணி நேரத்தில் டென்மார்க் அரசு எதிர்ப்பைக் கைவிட்டது. மக்கள்தொகை சுமார் 38 லட்சம். மலையோ அடர்காடோ இல்லாத தட்டையான நிலம். தெற்கே நேரடியாக ஜெர்மனி. போரிட்டுத் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு இருப்பதாக யாரும் நம்பவில்லை. நாட்டின் ஆட்புல ஒருமைப்பாட்டிலும் அரசியல் சுதந்திரத்திலும் கைவைக்க மாட்டோம் என்று ஜெர்மனி வாக்களித்தது. அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பைப் பதிவு செய்தபடியே, டென்மார்க் அரசு பணியைத் தொடர்ந்தது. இரு நாடுகளுக்கும் இடையிலான விவகாரங்கள் வெளியுறவு அமைச்சகங்கள் வழியாகவே பேசப்பட்டன. ஆக்கிரமிக்கப்பட்ட நாடு இன்னொரு நாட்டுடன் தூதரக முறையில் பேரம் பேசிக்கொண்டிருந்தது என்பதே இந்த ஏற்பாட்டின் விசித்திரம். ஒத்துழைப்புக் கொள்கை என்று வரலாற்று நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன.

இரு தரப்புக்கும் இதில் ஆதாயம் இருந்தது. ஜெர்மனிக்கு அதிகப் படையைச் செலவிடாமல் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் முறையாக வந்து சேர்ந்தன. டென்மார்க்கில் நாஜி அமைச்சர் எவரும் நியமிக்கப்படவில்லை. மரண தண்டனை புகுத்தப்படவில்லை. யூதர்களுக்கு எதிரான சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. மஞ்சள் நட்சத்திரத்தை மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் தாமே அணிந்துகொண்டார் என்று உலகெங்கும் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை. டென்மார்க்கில் அந்த நட்சத்திரம் எவர் மீதும் சுமத்தப்படவே இல்லை. கதையைவிட இந்த உண்மைதான் கனமானது.

ஆனால் கேடயம் எல்லோரையும் மறைக்கவில்லை. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதும், டென்மார்க் காவல்துறையே முந்நூறுக்கு மேற்பட்ட கம்யூனிஸ்டுகளைக் கைது செய்தது. ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றி, நடந்துவிட்ட கைதுகளுக்குச் சட்டப் போர்வை போர்த்தியது; அரசியலமைப்பை மீறிய செயல் அது. அவ்வாண்டு நவம்பரில் நாடு ஜெர்மனி முன்னின்று நடத்திய கொமின்டர்ன் எதிர்ப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டது. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நாடற்ற யூத அகதிகளில் 21 பேரை 1940 முதல் 1943 வரையிலான காலத்தில் டென்மார்க் அதிகாரிகளே ஜெர்மனியிடம் ஒப்படைத்தார்கள். இதற்காக 2005இல் பிரதமர் ஆனர்ஸ் ஃபோ ராஸ்முசன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 1943 அக்டோபரில் நடந்த யூதர் மீட்பின் பெருமையைப் பேசும்போது இந்த 21 பேரையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஏற்பாட்டின் முதல் பெரிய விரிசல் அற்பமான ஒன்றிலிருந்து தொடங்கியது. 1942 செப்டம்பர் 26 அன்று மன்னரின் 72ஆம் பிறந்தநாளுக்கு ஹிட்லர் நீண்ட வாழ்த்துத் தந்தி அனுப்பினார். மன்னர் ஒரே வரியில் நன்றி தெரிவித்துப் பதில் அனுப்பினார். இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்ட ஹிட்லர் தூதரைத் திரும்ப அழைத்தார், படைத்தளபதியையும் மாற்றினார். கடுமையான போக்குடைய ஹெர்மன் ஃபான் ஹன்னெக்கன் தளபதியானார். நவம்பரில் எஸ்.எஸ். அமைப்பின் உயர் அதிகாரி வெர்னர் பெஸ்ட் ஜெர்மனியின் முழு அதிகாரப் பிரதிநிதியாகக் கோபன்ஹேகனுக்கு வந்தார். அவருடைய விருப்பப்படி வெளியுறவு அமைச்சர் எரிக் ஸ்கவேனியஸ் பிரதமர் பொறுப்பையும் ஏற்றார். அக்டோபரில் குதிரையிலிருந்து விழுந்து மன்னர் படுக்கையில் கிடந்ததால், சில மாதங்கள் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக் அவர் பணியைக் கவனித்தார். நாள்தோறும் காவலர் துணையின்றித் தலைநகரின் தெருக்களில் குதிரையேறி வந்த மன்னரின் உருவம் மக்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. புத்தாண்டில் அந்தக் காட்சி இல்லை.

சிக்கரியும் இருட்டும்

போர்க்காலத்து அன்றாட வாழ்வு மற்ற ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடியதாகவே இருந்தது. ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை பங்கீட்டுச் சீட்டில் கிடைத்தன, பட்டினி இல்லை. கடல் கடந்து வந்த பொருள்கள்தாம் மறைந்தன. காபிக்குப் பதில் சிக்கரியும் வறுத்த தானியமும் கொதித்தன. நிலக்கரி போதாமல் யூலாந்துப் பகுதியில் கரிச்சேற்றையும் பழுப்பு நிலக்கரியையும் தோண்டினார்கள். ஈரம் போகாத அந்த எரிபொருள் அடுப்பில் புகைந்ததே தவிரச் சூடு தரவில்லை. பெட்ரோல் இல்லாத கார்கள், மரத்துண்டை எரித்து வாயுவாக்கும் கலனைச் சுமந்துகொண்டு ஓடின. மிதிவண்டிக்கு ரப்பர் டயர் அரிதாகி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் சக்கரத்தில் சுற்றி ஓட்டினார்கள். மாலையானதும் ஜன்னல்களில் கருப்புத்திரை இறங்கியது. வடநாட்டின் நீண்ட குளிரிரவில் ஐந்து குளிர்காலங்களை இப்படி இருட்டில் கழித்த நகரம் கோபன்ஹேகன்.

ஜெர்மனிக்குப் போன உணவுக்கு யார் பணம் கொடுத்தது என்பது கவனிக்கத்தக்கது. டென்மார்க் விவசாயிக்கு அந்நாட்டின் தேசிய வங்கியே தொகையைக் கொடுத்து, ஜெர்மனியின் பேரில் பற்றெழுதி வைத்தது. நாட்டுக்குள் ஜெர்மானியப் படை செய்த செலவும் இதே முறையில் எழுதப்பட்டது. ஆக, தன்னை ஆக்கிரமித்தவனுக்கு நாடு கடனுக்குச் சோறு போட்டது. போருக்குப் பின்னும் அந்தப் பற்று அடைபடவில்லை. விலைவாசி ஏறியபோது கூலி பின்தங்கியது. கிராமத்தில் பணம் புழங்க, நகரத்துத் தொழிலாளி வீட்டில் மனக்கசப்பு சேர்ந்தது. 1943 ஆகஸ்டில் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தவர்கள் முதலில் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்களே என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிப்படையான எதிர்ப்புக்கு இடமில்லாத முதலாண்டுகளில் மக்கள் பாட்டை நாடினார்கள். 1940 கோடையில் தொடங்கிய கூட்டுப்பாடல் நிகழ்ச்சிகளில் ஊர் ஊராகத் திரண்டு பழைய நாட்டுப்பாடல்களைப் பாடினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று நாடெங்கும் ஒரே நேரத்தில் ஏழு லட்சம் பேர் பாடியதாகக் கணக்கிடப்பட்டது. இறையியல் பேராசிரியர் ஹால் கோக் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போதகர் குருண்ட்விக் பற்றிக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம் வந்தது. அவர் பேசியது மக்களாட்சியைப் பற்றி. நாஜியத்துக்கு மருந்து அரசியல் விழிப்புள்ள இளைஞர்களே என்பது அவர் நம்பிக்கை. இளைஞர் சங்கங்களை இணைத்து அவர் வளர்த்த அமைப்பு, வெறும் பண்பாட்டுப் பொழுதுபோக்கைப் போலத் தோன்றினாலும் குடிமை உணர்வை உயிரோடு வைத்திருந்தது.

சிலருக்கு அந்தப் பொறுமை போதவில்லை. ஆல்போர் நகரின் பள்ளி மாணவர்கள் சிலர் சர்ச்சில் கழகம் என்ற பெயரில் கூடி, ஜெர்மானியரின் ஆயுதங்களைத் திருடியும் வண்டிகளைக் கொளுத்தியும் 1942 மே மாதத்தில் பிடிபட்டார்கள். படை பணிந்த நாட்டில் பையன்கள் சண்டையிட்டார்கள் என்ற செய்தி பெரியவர்களை உறுத்தியது. ரகசிய இதழ்கள் பெருகின. 1942இல் அவற்றின் மொத்தப் படிகள் சுமார் 3 லட்சம். 1943இல் சுமார் 26 லட்சம். கட்சி வேறுபாடின்றிக் கம்யூனிஸ்டுகளும் பழைமைவாதிகளும் சேர்ந்து நடத்திய 'ஃப்ரிட் டென்மார்க்' அவற்றில் முதன்மையானது. ஜன்னல் திரைக்குப் பின்னால் பி.பி.சி.யின் டேனிஷ் ஒலிபரப்பு ஒவ்வொரு மாலையும் கேட்கப்பட்டது.

ஆண்டின் முதல் அதிர்ச்சி வானிலிருந்து வந்தது. ஜனவரி 27 பிற்பகலில் பிரிட்டிஷ் மஸ்கிட்டோ விமானங்கள் தாழப் பறந்து கோபன்ஹேகனின் பர்மைஸ்டர் & வைன் தொழிற்சாலையைத் தாக்கின. ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கான டீசல் எஞ்சின்கள் அந்த நிறுவனத்தோடு தொடர்புடையவை. அருகிலிருந்த சர்க்கரை ஆலை தீப்பற்றி எரிந்தது, பொதுமக்கள் உயிரிழந்தனர். இருந்தும் தலைநகரவாசிகள் பலர் விமானங்களைக் கண்டு உற்சாகமடைந்தார்கள். டென்மார்க் ஆலைகளை நாட்டுமக்களே முடக்காவிட்டால் குண்டுகள் வரும் என்ற வாதத்துக்கு அன்று வலு கூடியது. சில நாட்களில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படை சரணடைந்தது. ஜெர்மனி தோற்கக்கூடும் என்பது அதுவரை ஆசையாக இருந்தது. பிப்ரவரியிலிருந்து கணிப்பாக மாறியது.

வாக்குச்சீட்டு

1943 மார்ச் 23இல் நடந்த பொதுத்தேர்தலை இந்தப் போரின் அரிய நிகழ்வுகளில் ஒன்றாகக் கொள்ள வேண்டும். அந்நியப் படையின் ஆக்கிரமிப்பில் இருந்த நாட்டில், பல கட்சிகள் போட்டியிட, ரகசிய வாக்கெடுப்பு முறையாக நடந்தது. தேர்தலை அனுமதித்தவர் பெஸ்ட். தம் மென்மையான ஆட்சி வெற்றி பெற்றதற்கு அதைச் சான்றாகப் பெர்லினுக்குக் காட்டலாம் என்பது அவர் எண்ணம். டென்மார்க் கட்சிகளுக்கோ அது ஜெர்மனியின் முகத்துக்கு நேரே தம் பலத்தைக் காட்டும் வாய்ப்பு. கம்யூனிஸ்ட் கட்சி தடையில் இருந்ததால் போட்டி முழுமையானதல்ல. அந்தக் குறையை மறைக்கக் கூடாது.

வாக்களித்தவர்கள் 89.5 சதவீதம், அதுவரை நாடு கண்டிராத அளவு. சமூக ஜனநாயகக் கட்சி 44.5 சதவீத வாக்கும் 66 இடங்களும் பெற்றது. ஒத்துழைப்பு அரசில் இருந்த நான்கு பெரிய கட்சிகளும் சேர்ந்து பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாக்குகளை அள்ளின. ஃப்ரிட்ஸ் கிளாவுசன் தலைமையிலான டென்மார்க் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.1 சதவீதம், 3 இடங்கள். ஒத்துழைப்பை வெளிப்படையாக எதிர்த்த 'டான்ஸ்க் சாம்லிங்' என்ற சிறு தேசியக் கட்சியும் ஏறக்குறைய அதே அளவு வாக்கும் 3 இடமும் பெற்றது.

இந்த முடிவை எப்படிப் படிப்பது என்பதில் அன்றும் கருத்து வேறுபட்டது, இன்றும் வேறுபடுகிறது. அரசின் கொள்கைக்கு மக்கள் ஒப்புதல் என்று ஸ்கவேனியஸ் படித்தார். மக்களாட்சிக்குச் சார்பாகவும் நாஜியத்துக்கு எதிராகவும் விழுந்த வாக்கு என்று கட்சிகள் படித்தன. இரண்டும் ஒரே சீட்டில் இருந்தன என்பதே பொருத்தமான விளக்கம். மார்ச் மாதத்து வாக்காளர் அரசைக் காக்க விரும்பினார். ஐந்து மாதம் கழித்து அதே மனிதர் அரசின் வேண்டுகோளைத் தள்ளிவிட்டு வேலைநிறுத்தத்தில் நின்றார். அவருக்குள் முரண்பாடு ஏதும் இல்லை. காக்கத் தகுந்தது எது என்ற கணக்குதான் இடையில் மாறியிருந்தது.

ஆகஸ்ட்

நாசவேலை வசந்தத்திலிருந்து வேகம் பிடித்தது. மார்ச் முதல் பிரிட்டிஷ் விமானங்கள் இரவில் யூலாந்தின் வயல்களில் வெடிமருந்துப் பொதிகளைப் பாராசூட்டில் இறக்கத் தொடங்கின. ஹ்விட்ஸ்டென் ஊர்ச் சத்திரக்காரரும் குடும்பத்தாரும் அண்டையாரும் அவற்றைச் சேகரித்துக் கைமாற்றினர். தலைநகரில் கம்யூனிஸ்டுகள் தொடங்கிய 'போபா' குழுவும், பழங்கதை வீரனின் பெயர் தாங்கிய 'ஹோல்கர் டான்ஸ்க' குழுவும் ஆலைகளைத் தகர்த்தன. 1942இல் நூற்றுச் சொச்சமாக இருந்த நாசவேலைகள் 1943இல் சுமார் ஆயிரத்தை எட்டின; ஆகஸ்டில் மட்டும் இருநூறைத் தாண்டின.

கோடைச் செய்திகள் தீயில் எண்ணெய் வார்த்தன. ஜூலை 25 அன்று முசோலினி வீழ்ந்தார். அதே வாரம் ஹாம்பர்க் எரிந்தது. போர் சில வாரங்களில் முடியும் என்று டென்மார்க்கில் பலர் நம்பினார்கள். அந்தத் தவறான நம்பிக்கை இல்லாமல் ஆகஸ்ட் எழுச்சியை விளங்கிக்கொள்ள முடியாது.

ஓடன்ஸ நகரின் எஃகுக் கப்பல்தளத்தில் ஜெர்மனிக்காகக் கட்டப்பட்டுவந்த 'லின்ஸ்' என்ற கப்பல் ஜூலை 28 அன்று வெடிவைத்துச் சேதப்படுத்தப்பட்டது. ஜெர்மானியர் தளத்துக்குள் ஆயுதக் காவலரை நிறுத்தினர். துப்பாக்கி முனையில் வேலை செய்ய மாட்டோம் என்று தொழிலாளர்கள் வெளிநடப்புச் செய்தார்கள், காவலர் விலக்கப்பட்டனர். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் மேற்குக்கரை மீன்பிடித் துறைமுகமான எஸ்பியரில் நாசவேலைத் தீ ஒன்றுக்குத் தண்டனையாக ஊரடங்கு விதிக்கப்பட்டதும், நகரமே வேலையை நிறுத்தியது, கடைகளும் அடைக்கப்பட்டன. இங்கும் ஊரடங்கு விலக்கப்பட்டது. பணிய மறுத்தால் ஜெர்மானியர் இறங்கி வருகிறார்கள் என்ற பாடத்தை நாடு கற்றுக்கொண்டது. 18ஆம் தேதி ஓடன்ஸ மீண்டும் நின்றது. ஜெர்மானிய அதிகாரி ஒருவர் தெருவில் கும்பலால் தாக்கப்பட்டார். சுட்டுக் கொல்லப்பட்ட நாசவேலைக்காரர் ஒருவரின் இறுதி ஊர்வலத்தையொட்டி 23ஆம் தேதி ஆல்போரில் கலவரம் மூண்டு, படையினர் கூட்டத்தின் மீது சுட்டதில் பலர் மடிந்தனர். எழுச்சி பதினேழு நகரங்களுக்குப் பரவியது. ஒருமுறை தொழிற்சங்கத் தலைவர்களையும் அமைச்சர்களையும் மன்னரையும் கேட்டு அமைதி காத்த மக்கள், அதே குரல்கள் வேண்டியபோது இம்முறை கேட்கவில்லை. இரவில் ஜன்னல்கள் உடைந்தன. ஜெர்மானியச் சிப்பாயோடு பழகிய பெண்களின் தலைமுடி மழிக்கப்பட்டது. வீரத்தோடு கொடுமையும் கலந்தே தெருவில் நடந்தது.

ஆகஸ்ட் 24 அன்று பட்டப்பகலில் பியர்ப்பெட்டிக்குள் வெடிமருந்தை வைத்து மிதிவண்டியில் கொண்டுபோய், தலைநகரின் ஃபோரம் மண்டபத்தை ஹோல்கர் டான்ஸ்க குழு தகர்த்தது. ஜெர்மானியப் படையினரைத் தங்கவைக்க அந்த மண்டபம் தயாராகிக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டகம் மட்டும் நின்ற காட்சியைக் காண நகரத்தார் திரண்டு வந்தனர்.

ஹிட்லர் பெஸ்டைத் தலைமையகத்துக்கு அழைத்துக் கடிந்துகொண்டார். 28ஆம் தேதி சனிக்கிழமை காலை டென்மார்க் அரசுக்கு இறுதி எச்சரிக்கை வந்தது: நாடெங்கும் நெருக்கடிநிலை அறிவிக்க வேண்டும், ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது, வேலைநிறுத்தம் தடை, இரவு ஊரடங்கு, செய்தித்தாள்கள் மீது ஜெர்மானியத் தணிக்கை, உடனடி விசாரணை நீதிமன்றங்கள், நாசவேலைக்கு மரண தண்டனை. மாலை 4 மணிக்குள் பதில் தேவை. சொந்தக் குடிமக்களைச் சொந்த நீதிமன்றம் தூக்கிலிட வேண்டும் என்ற அந்தக் கடைசிக் கோரிக்கை, மூன்றாண்டுகளாகப் பேரம் பேசிப் பழகிய அமைச்சர்களாலும் விழுங்க முடியாததாக இருந்தது. கட்சிகள் ஒருமனமாக மறுத்தன. கெடு முடியச் சில நிமிடம் இருக்கையில் மறுப்பு பெஸ்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்றே நாசவேலைக் குற்றத்துக்காக டென்மார்க்கியர் ஒருவரை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றனர். அத்தகைய முதல் மரண தண்டனை அது.

மறுநாள் ஞாயிறு அதிகாலை 4 மணிக்கு ஜெர்மானியப் படை பாசறைகள் மீது பாய்ந்தது. டென்மார்க் வீரர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர், மற்றவர்கள் சிறைவைக்கப்பட்டார்கள். கடற்படையின் கதை வேறு. கப்பல்கள் ஜெர்மானியர் கையில் சிக்கக்கூடாது என்று துணை அட்மிரல் வெடல் முன்கூட்டியே ஆணையிட்டிருந்தார். கோபன்ஹேகனின் ஹோல்மன் தளத்தில் விடியுமுன் ஒன்றன்பின் ஒன்றாக வெடியோசை எழுந்தது. முப்பதையொட்டிய கலங்கள் தம் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்டன. சில சிறு கலங்கள் ஸ்வீடனை அடைந்தன. 'நீல்ஸ் யூல்' கப்பல் தப்பியோட முயன்று விமானத் தாக்குதலுக்கு ஆளாகி இஸஃபியோர்டில் தரைதட்டியது. 1940இல் கடற்படை ஒரு குண்டும் சுடாமல் இருந்தது என்ற மனக்காயம் மாலுமிகளிடம் மூன்றாண்டுகளாக ஆறாமல் இருந்தது. மூழ்கிய கப்பல்களின் புகைக்கூண்டுகள் நீருக்கு மேல் துருத்தி நின்ற படம் ரகசியமாகக் கைமாறிப் பரவியது.

மன்னர் சோர்கன்ஃப்ரி மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார். அமைச்சரவை பதவி விலகல் கடிதம் கொடுத்தது. அதை முறைப்படி ஏற்று வேறொன்றை நியமிக்க மன்னர் முன்வரவில்லை. ஆகவே சட்டப்படி அரசு இருந்தும் இல்லாததுமாக நின்றது. அன்றாட நிர்வாகத்தைத் துறைச் செயலர்கள் கையிலெடுத்தார்கள். வெளியுறவுத் துறையின் நில்ஸ் ஸ்வெனிங்சன் அவர்களுள் முன்னின்றார். சட்டம் பிறப்பிக்கும் உரிமை இல்லாமல், குழாயில் நீர் வரவும் பங்கீட்டுச் சீட்டு அச்சாகவும் பார்த்துக்கொண்ட இந்த அலுவலர்களின் ஆட்சி போர் முடியும்வரை நீடித்தது.

அக்டோபர்

அரசு விலகியதோடு யூதர்களுக்கு இருந்த காப்பும் விலகியது. செப்டம்பர் 8 அன்று, நெருக்கடிநிலை நீங்குமுன் யூதர் விவகாரத்தை முடிக்கலாம் என்று பெஸ்ட் பெர்லினுக்குத் தந்தி அனுப்பினார். ஹிட்லர் இசைந்தார். செப்டம்பர் 17 அன்று யூத சமூக அலுவலகத்துக்குள் ஜெர்மானியக் காவலர் புகுந்து ஆவணங்களை எடுத்துச் சென்றனர்.

திட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் ஜெர்மானியத் தூதரகத்தின் கப்பல்துறை அலுவலர் கேயோர்க் ஃபெர்டினாண்ட் டுக்விட்ஸ். அவர் ஸ்டாக்ஹோம் சென்று ஸ்வீடன் பிரதமரைச் சந்தித்தார். 28ஆம் தேதி கோபன்ஹேகனில் சமூக ஜனநாயகத் தலைவர்கள் கூடியிருந்த இடத்துக்குப் போய் நாள் குறிக்கப்பட்டதைச் சொன்னார். அவர்களில் ஒருவரான ஹான்ஸ் ஹெட்டொஃப்ட் செய்தியோடு யூத சமூகத் தலைவரிடம் ஓடினார். தலைவர் முதலில் நம்ப மறுத்தார். மூன்றரை ஆண்டாகச் சட்டமும் மன்னரும் காத்த சமூகத்துக்கு அந்தச் செய்தி நம்பத்தக்கதாகப் படவில்லை. தலைமை ராபி ஏற்கெனவே கைதாகியிருந்ததால் அவர் இடத்திலிருந்த மார்கஸ் மெல்கியோர், 29ஆம் தேதி காலை வழிபாட்டை நிறுத்தி, வீடுகளை விட்டு உடனே வெளியேறுமாறும் செய்தியைப் பரப்புமாறும் கூறினார். அன்று மாலை யூதப் புத்தாண்டு பிறந்தது. அயலார், பால்காரர், உடன்பணியாளர், வாடகைக்கார் ஓட்டுநர் என்று வாய்வழியே செய்தி ஓடியது.

அக்டோபர் 1 இரவு தலைநகரின் தொலைபேசிகள் துண்டிக்கப்பட்டு வேட்டை தொடங்கியது. பெரும்பாலான வீடுகள் காலியாக இருந்தன. பிடிபட்டவர்கள் முந்நூறுக்குக் குறைவு. 'வார்ட்டலாண்ட்' கப்பலில் அவர்கள் ஏற்றப்பட்டபோது, ஹோர்செரூட் முகாமிலிருந்த 150 கம்யூனிஸ்டுகளும் அதே கப்பலில் கொண்டுபோகப்பட்டனர்; இவர்கள் ஸ்டுட்ஹோஃப் வதைமுகாம் சேர்ந்தார்கள். சொந்த நாடாளுமன்றத்தின் சட்டம் சிறையில் அடைத்து வைத்திருந்ததால்தான் இவர்கள் எளிதில் ஜெர்மானியர் கைக்கு எட்டினார்கள்.

மறுநாள் ஸ்வீடன், வரும் அனைவரையும் ஏற்போம் என்று வானொலியில் அறிவித்தது. இயற்பியலாளர் நீல்ஸ் போர் தாயின் வழியில் யூதர். சில நாள் முன்பே தப்பி ஸ்வீடன் சேர்ந்திருந்த அவர், அந்நாட்டு அரசரிடமும் இதற்காக மன்றாடினார். 3ஆம் தேதி ஞாயிறன்று, யூதர் மீதான துன்புறுத்தலைக் கண்டித்துக் கோபன்ஹேகன் ஆயர் ஃபுக்ல்சாங்-டாம்கோர் எழுதிய மடல் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் ஒரு வாரம் மூடப்பட்டது. மாணவர்கள் மீட்புப் பணிக்குப் போனார்கள்.

முன்கூட்டிய திட்டம் எதுவும் இருக்கவில்லை. பிஸ்பபியர் மருத்துவமனையில் மருத்துவர் கார்ல் ஹென்றி கோஸ்டரும் உடன்பணியாளர்களும் பொய்ப்பெயரில் நோயாளிகளாகச் சேர்த்துப் பலரை ஒளித்தனர். இறுதி ஊர்வலம் போலக் கார்வரிசை ஒன்று மருத்துவமனையிலிருந்து மக்களை வெளியேற்றியது. ஹெல்சிங்கோரில் 'தையல் கழகம்' என்று பெயர் சூட்டிக்கொண்ட குழு, நான்கைந்து கிலோமீட்டர் அகலமே உள்ள நீரிணையில் படகு செலுத்தியது. மற்ற இடங்களில் பயணம் பல மணி நேரம் பிடித்தது. குழந்தைகள் அழாதிருக்க மயக்கமருந்து ஊசி போடப்பட்டது. கில்லலைய மீனவ ஊரின் தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த எண்பதுக்கு மேற்பட்டோர் காட்டிக்கொடுக்கப்பட்டு ஜெர்மானிய ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவிடம் சிக்கினர். கடலில் மூழ்கியவர்களும் உண்டு.

பணம் பற்றிய உண்மையையும் சொல்லியாக வேண்டும். முதல் நாட்களில் ஒருவருக்கு ஆயிரம் குரோனரும் அதற்கு மேலும் மீனவர்கள் கேட்டார்கள். சாதாரணத் தொழிலாளிக்கு அது சில மாதக் கூலி. படகும் உயிரும் பறிபோகும் ஆபத்து ஒருபுறம், நெருக்கடியைப் பயன்படுத்திக்கொண்ட ஆசை மறுபுறம். மீட்புக்குழுக்கள் அமைந்தபின் கட்டணம் இறங்கியது. இல்லாதவர்களுக்கு நன்கொடையால் வழி செய்யப்பட்டது. ஜெர்மானியத் தரப்பின் மெத்தனமும் உதவியது: காவலர் எண்ணிக்கை குறைவு, தரைப்படைக்கு இதில் ஆர்வமில்லை, கடற்கண்காணிப்பு தளர்வாக இருந்தது. இவற்றை எடுத்துச்சொல்வதால் டென்மார்க் மக்களின் செயல் சிறுத்துவிடாது. ஆபத்தின் அளவு எவ்வளவு என்று அன்றிரவு படகிறக்கியவருக்குத் தெரியாது.

சில வாரங்களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட யூதர்களும், யூதரல்லாத குடும்பத்தார் சுமார் 700 பேரும் ஸ்வீடன் சேர்ந்தார்கள். சுமார் 470 பேர் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களைக் கைவிடாதிருந்தவர்கள் துறைச் செயலர்கள். வேட்டை நடந்த நாளில், நாடு கடத்துவதற்குப் பதிலாக யூதர்களை டென்மார்க்கிலேயே முகாமில் வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் முன்வந்தது இன்றளவும் விவாதத்துக்குரியது. ஆனால் அதன்பின் ஓயாமல் விசாரித்தும், உணவுப்பொதி அனுப்ப உரிமை கேட்டும், முகாமைப் பார்வையிட வற்புறுத்தியும் வந்தவர்கள் அவர்களே. டென்மார்க் யூதர்கள் கிழக்கே கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட மாட்டார்கள் என்று யூதர்களை நாடுகடத்தும் பணியை நடத்திய எஸ்.எஸ். அதிகாரி ஐக்மனிடமிருந்து நவம்பரில் உறுதி பெறப்பட்டது. தெரேசியன்ஸ்டாடில் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். மற்றவர்கள் 1945 ஏப்ரலில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளைப் பேருந்துகளில் மீண்டார்கள். தப்பிச் சென்றவர்கள் விட்டுப்போன வீடுகளின் வாடகையைக் கோபன்ஹேகன் நகராட்சியின் சமூகப்பணித் துறை கவனித்து, தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் எழுதிக் காத்தது. ஐரோப்பாவின் பிற நகரங்களில் பட்டியல்கள் கொள்ளைக்காக எழுதப்பட்டுக்கொண்டிருந்தன.

புதிய அதிகாரமும் புதிய பயமும்

அரசு விட்டுச்சென்ற வெற்றிடத்தில் செப்டம்பர் 16 அன்று விடுதலை மன்றம் உருவானது. கம்யூனிஸ்ட் போயர் ஹௌமன், மருத்துவப் பேராசிரியர் மோகன்ஸ் ஃபோக், 'டான்ஸ்க் சாம்லிங்' கட்சியின் ஆர்ன சோரன்சன், எதிர்ப்பியக்க அமைப்பாளர் ஃப்ரோட யாகப்சன் முதலியோர் அதில் அமர்ந்தனர். பிரிட்டனின் ரகசிய நடவடிக்கை அமைப்பு சார்பில் ஃப்ளெமிங் மூஸ் இடம்பெற்றார். வாக்குப் பெற்று வராத இந்த மன்றத்துக்கு அதிகாரம் மக்கள் கீழ்ப்படிந்ததால் வந்தது. நவம்பரில் அது வெளியிட்ட அறிக்கை, விடுதலைக்குப் பின் தேர்தலும் அரசியலமைப்பும் திரும்பும் என்றும், துரோகம் செய்தோர் சட்டப்படி விசாரிக்கப்படுவர் என்றும் வரையறுத்தது. ஸ்வீடன் மண்ணில் டென்மார்க் அகதி இளைஞர்களுக்குப் படைப்பயிற்சி தொடங்கியது.

ஜெர்மானியத் தரப்பும் உருமாறியது. இலையுதிர்காலத்தில் கெஸ்டபோ முழு பலத்தோடு வந்திறங்கியது, நவம்பரில் எஸ்.எஸ். மற்றும் காவல்துறைத் தலைவராகக் குந்தர் பங்க்க பொறுப்பேற்றார். கைது, சித்திரவதை, மரண தண்டனை ஆகியவை வாரச்செய்தியாயின. கேடயம் விழுந்தபின் நாடு ஆக்கிரமிக்கப்பட்ட மற்ற நாடுகளைப் போலவே ஆகிக்கொண்டிருந்தது.

யூலாந்தின் மேற்கில் வெடர்ஸோ என்ற சிற்றூரின் போதகரும் நாட்டின் புகழ்பெற்ற நாடகாசிரியருமான காய் முங்க், டிசம்பர் தொடக்கத்தில் தடையை மீறிக் கோபன்ஹேகன் தலைமைத் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். டிசம்பர் 30 அன்று ஹிட்லர் பெஸ்டையும் ஹன்னெக்கனையும் பங்க்கவையும் தம் தலைமையகத்துக்கு அழைத்து, விசாரணையும் தண்டனையும் தியாகிகளை உண்டாக்குவதால் இனிப் பழிவாங்கும் கொலைகளை ரகசியமாக நடத்துமாறு ஆணையிட்டார். 1944 ஜனவரி 4 மாலை காய் முங்க் தம் வீட்டிலிருந்து மனைவி மக்கள் கண்ணெதிரே அழைத்துச் செல்லப்பட்டார். மறுநாள் காலை சில்கபோர் செல்லும் சாலையோரத்தில் அவர் உடல் கிடந்தது.